தவுக்கேயின் சோறு

யேசுரத்தினம் மலாயாவிலிருந்து திரும்பி ஐந்து வருஷமாகியும் அடுப்படிப் பக்கம் போனதில்லை. தைப்பிங் நகரத்தில் ஒரு சீனாக்காரர் சாப்பாட்டுக்கடையில் எட்டு வருஷம் சட்டி பிடித்தவர் என்று மயிலாடியில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டுக்காரர்கள் சமைக்கக் கூப்பிட்டால், "கை மறந்து போச்சு" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்கு நடந்துவிடுவார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் மகள் நேசபாய் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளிடம் அந்தச் சாக்கு செல்லவில்லை.

"அப்பா, பன்னி எறச்சி போட்டு சோறு பொரட்டுவியளாமே. எனக்கு ஒருக்கா செஞ்சு தாருங்க."

சனிக்கிழமை பன்றி அறுத்த வீட்டில் தேக்கிலையில் இறைச்சி வாங்கி வந்தார். சாயங்காலம் மிஞ்சிய சோற்றில் மனைவி ஞானப்பூ வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாதட்டி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வெறைச்சுக் கெடக்கணும்."

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். இரும்புச் சட்டியில் கொழுப்பை உருக்கி, பொடியாக நறுக்கிய இறைச்சியைச் சிவக்க வதக்கினார். பூண்டு, முட்டை, பிறகு சோறு. அங்கே ஊற்றும் கறுப்பு சோயாச் சாற்றுக்கு இங்கே எங்கே போவது? உப்பும் நல்லமிளகும்தான். கை எதையும் மறந்திருக்கவில்லை.

நேசபாய் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். யேசுரத்தினம் ஒரு பிடி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஞானப்பூ பின்னாலேயே வந்தாள்.

"என்னத்துக்கு பாதியில எழும்பிட்டிய?"

அன்றுதான் சொன்னார்.

கடை முதலாளி லிம். முதலாளியை அங்கே தவுக்கே என்பார்கள். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, தவுக்கே இவரை அந்தப் பிடிப்பு ஓயும்வரை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று வாரம் ஒளித்து வைத்தார். அப்புறம் ஜப்பானை எதிர்க்கும் கூட்டத்துக்கு உதவுகிறார்கள் என்று மறுபடியும் சீனர்களைத் தேட ஆரம்பித்தார்கள். தவுக்கே மனைவி மக்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்தகடு உலர்த்தும் பாழடைந்த புகைக்கூட்டில் பதுங்கினார். யேசுரத்தினம்தான் தினமும் இதே சோற்றைப் புரட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருநாள் வழியில் இரண்டு சிப்பாய்கள் மறித்துத் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்கள். யாருக்கு என்று கேட்டார்கள்.

"துப்பாக்கிக் கட்டையால முட்டுல ஒரு அடி. ஒரே ஒரு அடிதான், ஞானம். நான் கைநீட்டிக் காட்டிட்டேன். அவர இழுத்துட்டுப் போறத தூர நிண்ணு பாத்தேன். அதோட கடைப்பக்கம் போகல்ல. தவுக்கே வீட்டம்மாவுக்கு இண்ணைக்கும் ஒண்ணும் தெரியாது."

ஞானப்பூ கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தாள்.

"இத மனசுல வச்சிட்டா கோயில்ல ராப்போசன அப்பம் எடுத்திய?"

"எடுக்கல்ல. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் காய்ச்சல்ணு சொல்லிக் கெடந்தேன்லா."

"அவியளுக்கு எழுதுங்க," என்றாள். "புருசன் வருவாருண்ணு வாசலப் பாத்துட்டு இருப்பாவ."

பள்ளிக்கூடத்து சுயம்பு வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். யேசுரத்தினம் ஒவ்வொன்றாகச் சொல்லி, கை நீட்டிய இடத்துக்கு வந்ததும் வாத்தியாரின் பேனா நின்றது.

"இதையும் எழுதணுமா?"

"எழுதுங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

கடையின் பழைய விலாசத்துக்குப் போன கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்து பதில் வந்தது. அதற்குள் நேசபாய்க்குப் பெண் பிறந்திருந்தது. தவுக்கேயின் மூத்த மகன் எழுதியிருந்தான். வாத்தியார் வாசித்து அர்த்தம் சொன்னார்: அப்பா எங்களை விட்டு ஓடிவிட்டதாக ஊர் சொன்னது, அம்மா நம்பவில்லை. எந்த நாளில் அவரைக் கொண்டுபோனார்கள் என்று எழுதவும். வருஷாவருஷம் அவருக்குப் படைக்க எங்களுக்கு ஒரு தேதி வேண்டும்.

"ஆகஸ்டு பதினேழு, நாப்பத்திமூணு," என்றார் யேசுரத்தினம். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "செவ்வாக்கிழமை. காலத்த பத்து மணி இருக்கும்."

வாத்தியார் அதை எழுதி உறையை ஒட்டினார்.

"சார், அந்தப் பையன் காயிதத்த இன்னொருக்கா வாசிங்க. மன்னிக்கது பத்தி ஏதாவது போட்டிருக்கானா?"

வாத்தியார் பொறுமையாக முதலிலிருந்து வாசித்தார். பிறகு தலையை அசைத்தார்.

"இல்ல, யேசுரத்தினம்."

"சரி," என்று அவர் உறையை வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தார்.