உருண்டோடிய எலுமிச்சம்பழம்

மகன் வாங்கிய புதுக் காருக்கு அடியில், உருண்டுபோன எலுமிச்சம்பழத்தைத் தேடிக் குனிந்தபோது, பெட்ரோலும் பழத்தோலும் கலந்த வாசனை என்னை எழுபதுகளில் நாங்கள் இருந்த வளைகுடா நகரமான அல் கோபாருக்குக் கொண்டுபோனது. ஊருக்கு வெளியே, பீப்பாய்களை அடுக்கி வளைத்த மணல் திடலில், வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் கம்பெனிக்காரர்கள் பழைய கார்களை முட்டி மோதி ஓட்டுவார்கள், பார்க்கிற எங்கள் பல்லிடுக்கில் புழுதி நறநறக்கும்.

அப்பா அங்கே ஓட்டியது ஒரே ஒரு பந்தயம். கொடி இறங்கி மற்ற கார்கள் உறுமிக்கொண்டு பாய்ந்த பிறகும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த நான்கு பழங்களில் உருண்டோடிய ஒன்றைத் தேடி அவர் மணலில் தவழ்ந்துகொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்பா இங்கதான் பாக்கறார், கையாட்டுடி" என்றாள் அம்மா. நான் செருப்பில் ஏறிய மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்து இறங்கியவர், எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்தியா, வண்டில ஒரு கீறல்கூட இல்ல!" என்றார். எனக்குக் காது மடல் எரிந்தது.

இங்கே பழம் இன்னும் கைக்கு அகப்படவில்லை. ஷோரூம் வாசலில் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு மகன் மெதுவாகச் சொல்கிறான்: "போதும், எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."