பூஜை போட்ட பாக்டீரியா

பணி ஓய்வுக்குப் பிறகு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆவண ஆலோசகர் என்று எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் ஆயுள் முழுக்கப் பிறர் வேலையில் குறை எழுதியவன் நான். கல்லூரியோ விண்வெளிக்குக் கிருமி அனுப்பும் உற்சாகத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். உள்ளங்கையளவு பெட்டி, அதற்குள் உலர்த்திய பாக்டீரியா. ஒரு சிறு செயற்கைக்கோளில் ஏறி மேலே போய், கதிர்வீச்சிலும் குளிரிலும் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்காக அதேபோல இன்னொரு பெட்டி கீழேயே இருக்கும். நுண்ணுயிரியல் ஆசிரியை இதற்காக மூன்று வருடம் உழைத்திருந்தார். மேலே போகும் பெட்டியில் துளி அழுக்கு இருந்தாலும் பெங்களூரில் செயற்கைக்கோள் கட்டுபவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறு வாய்ப்பு கிடையாது.

அனுப்பும் நாளன்று தாளாளர் குருக்களோடு வந்துவிட்டார். பெட்டிக்குப் பூஜை போட வேண்டுமாம். ஆசிரியையின் முகம் வெளுத்தது. நான் சமரசம் சொன்னேன்: கீழே இருக்கும் பெட்டிக்குப் பூஜை போடலாம், மேலே போவது உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கட்டும், சாமிக்கு இரண்டும் ஒன்றுதான். சந்தனம், குங்குமம், மல்லிகை எல்லாம் முறைப்படி நடந்தன. பெங்களூர் போகும் வேனுக்கான வெளியேறும் சீட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வேன் கிளம்பிய பிறகு ஆசிரியை அலமாரியைத் திறந்தார். உறை பிரிக்காத பெட்டி அங்கேயே இருந்தது.

அனுபவசாலியான ஆய்வக உதவியாளர் அசரவில்லை. "பூஜை போட்டதுதான சார் போவும்? பொட்டு வெக்காத பொட்டிய எவனாச்சும் அனுப்புவானா?"

ஓட்டுநருக்குப் போன் போட்டேன்.

"சென்னீர்குப்பம் சிக்னல்ல மாட்டிகினு கீறேன் சார்."

"அங்கேயே இருப்பா, நகராதே!"

"நவுந்தாத்தான சார்!"

சுத்தமான பெட்டியைப் புது அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, ஆட்டோவில் விரைந்தோம். "சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே சார்," என்றார் ஆசிரியை.

பூஜை போட்டதைத் திருப்பிக் கொடுத்த ஓட்டுநர் புதியதைக் கையில் வாங்க மறுத்தார். "இன்னாம்மா, மொட்டையா கீது? போன மாசம்தான் ரெண்டு தபா டயர் வெடிச்சுது. பொட்டு இல்லாம எடுக்க மாட்டேன்."

கதிர்வீச்சைப் பற்றி ஆசிரியை விளக்க முயன்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து அட்டையின் மேல் ஒட்டினார்.

"இப்ப குடும்மா," என்று ஓட்டுநர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் பெங்களூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெட்டி சுத்தமாக இருக்கிறது, ஏற்றுக்கொண்டோம். வெளி அட்டையில் உள்ள சிவப்பு வட்டம் எதைக் குறிக்கிறது? ஆசிரியை முதல் வரியைப் படித்ததுமே அழ ஆரம்பித்துவிட்டதால், இரண்டாவது வரிக்கு நான்தான் பதில் எழுதினேன்: 'போக்குவரத்துப் பிரிவின் ஒப்புதல்.'