ஸ்கொட்லாந்து ராசாக்களின் கல்லும் என் தம்பி ரூபனும்

1996 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு மனோர் பார்க் அறையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அன்றைக்கு இரண்டு இடம் போகவேண்டியிருந்தது. முதலில் வெஸ்ட்மினிஸ்டர் பேராலயம், பிறகு தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் மாமி வீடு. மாமி வீட்டில் நாலு மணிக்கு நிற்கவேண்டும். கொழும்பிலிருந்து டெலிபோன் வரும். பேராலயத்துக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கே நான் பார்க்கப் போன கல் அடுத்த மாதம் இருக்காது.

லண்டனுக்கு வந்து ஆறு வருடம். ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் நான் தினமும் அந்தப் பக்கம் உலாவுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ பகலில் வேலை, மாலையில் கல்லூரி, மிச்ச நேரத்தில் நூலகம். அந்த நூலகத்தில்தான் எனக்கு ஸ்கொட்லாந்தின் பழைய ராசாக்கள்மேல் பித்துப் பிடித்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள். அவர்களை முடிசூட்டும்போது ஒரு கல்லில் இருத்துவார்களாம். எழுநூறு வருடத்துக்கு முன் ஓர் ஆங்கிலேய அரசன் அங்கே படையெடுத்துப் போய் அந்தக் கல்லைத் தூக்கிவந்து, தன் சிம்மாசனத்தின் அடியில் செருகிவிட்டான். அதை இப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

"கல்லுப் பாக்கவோ?" என்றான் என்னோடு அறையில் இருக்கும் நந்தன், போர்வைக்குள்ளிருந்து. "உனக்கும் அந்த ராசாக்களுக்கும் என்ன சொந்தம்? பெண் குடுத்தவங்களோ, எடுத்தவங்களோ?"

"சொந்தமில்லை. எங்களை மாதிரி ஆக்கள்."

"எங்கட ஆக்களெண்டால் காணிக்குத்தான் அடிபட்டிருப்பாங்கள்."

"அதைத்தான் செய்தவங்கள்."

"அப்ப போய்ப் பாத்திட்டு வா. வரேக்க பால் வாங்கிக்கொண்டு வா."

ஈஸ்ட் ஹாம் வரைக்கும் பஸ். அங்கே ஒருநாள் பயணச்சீட்டு வாங்கினேன். மூன்று பவுண் சொச்சம். பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் அங்கிருந்து மாறாமல் வெஸ்ட்மினிஸ்டருக்குப் போகும். சனிக்கிழமை காலை என்பதால் பெட்டி வெறுமையாகவே கிடந்தது. எனக்கு எதிரே ஒரு பெண் தூங்கினாள். மைல் எண்டில் அவளும் இறங்கிப்போக, நானும் யாரோ விட்டுப்போன பத்திரிகையும் மட்டும் மிஞ்சினோம்.

நான் விரல்விட்டு ராசாக்களை எண்ணத் தொடங்கினேன். கென்னத் என்பவன் முதல்வன். அவனுக்குப் பிறகு அவன் மகன் வரவில்லை. தம்பி டொனால்ட் வந்தான். தம்பிக்குப் பிறகுதான் கென்னத்தின் மக்கள், கொன்ஸ்டன்டைன் ஒருவன், ஏய்ட் ஒருவன். இடையில் மகள்வழிப் பேரன் ஒருவனும் வந்து போனான். அதற்குப் பிறகுதான் அழகு. கொன்ஸ்டன்டைனின் கிளை இடக்கை, ஏய்டின் கிளை வலக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் கயிறு இழுப்பதுபோல இடக்கை ஒருமுறை, வலக்கை ஒருமுறை. இந்தக் கிளையில் ஒருவன் ஆண்டால் அடுத்தவன் அந்தக் கிளையிலிருந்து வருவான். செத்த அரசனுக்கு மகன் இருந்தாலும் முதலில் பங்காளிக்குத்தான் இடம். அந்த நேரம் வளர்ந்தவனாக, பக்கத்தில் நிற்பவனாக, வாள் பிடிக்கத் தெரிந்தவனாக எவன் இருக்கிறானோ அவனுக்கு. மகன் காத்திருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு எனக்கு ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம், யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்த அந்த மழை மாதத்தில், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் என் அப்பா இறந்துபோனார். அம்மா முன்பே இல்லை. நான் ஒரே மகன். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவன் சித்தப்பாவின் மகன் ரூபன். என்னைவிட நாலு வயது குறைவு. இப்போது ஆட்டத் திவசம் வருகிறது, முதலாண்டு நினைவுக் கிரியை. கொள்ளி வைத்தவன்தான் அதையும் செய்யவேண்டும் என்று ஒரு கட்சி. மகன் உயிரோடு இருக்கும்போது வேறு ஆள் ஏன் என்று இன்னொரு கட்சி. மாமி இரண்டாவது கட்சி. நானும்தான். அப்பாவுக்காக என் கையால் ஒன்றுமே செய்யவில்லை. இதையாவது மனோர் பார்க் முருகன் கோயிலில் செய்யவேண்டும் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன். ரூபன் வன்னியிலிருந்து ஒருவாறு வெளியேறிக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நிற்கிறான். நாலு மணிக்கு அவனிடம் சொல்லிவிடவேண்டியதுதான். பாவம், பெடியனுக்குப் பாரம் குறையும் என்றே நினைத்தேன்.

பதினொன்றரை. வெஸ்ட்மினிஸ்டர் ஸ்டேஷனில் புதுப் பாதைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்; பலகைத் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மேலே வந்தால் மணிக்கூட்டுக் கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது. பேராலயத்தின் முன்பகுதிக்குக் கட்டணமில்லை. அரசர்கள் கிடக்கும் உட்பகுதிக்குக் காசு. மாணவர் அட்டையைக் காட்டினேன்.

உள்ளே ஒரே கல்லறை. ராசாக்கள், ராணிகள், அவர்களுக்குக் கீழே வேறு ராசாக்கள். இரட்டை அடுக்குப் படுக்கை போட்ட எங்கள் அறை மாதிரி. ஒடுங்கிய மரப்படியேறி நடுச் சந்நிதிக்குள் போனால் அந்த நாற்காலி. பொன் பூச்செல்லாம் உரிந்த பழைய ஓக் மரம். பழைய காலத்துப் பள்ளிப் பையன்கள் தங்கள் பெயர்களைக் கத்தியால் கீறிவைத்திருக்கிறார்கள். அதன் இருக்கைக்குக் கீழே, சாமான் தட்டில் வைத்ததுபோல, கல்.

சின்னக் கல். உண்மையாகவே சின்னது. மங்கிய மணற்கல், இரண்டு பக்கமும் இரும்பு வளையம். எங்கள் ஊரில் உடுப்புத் தோய்க்கும் கல் இதைவிடக் கம்பீரமாக இருக்கும்.

எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணும் அதையே சொன்னாள். ஐம்பது வயதிருக்கும், மழைக்கோட்டு, கையில் மடித்த குடை. "இவ்வளவுதானா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சில் உருண்ட ரகரத்தை வைத்து ஸ்கொட்லாந்துக்காரி என்று கண்டுபிடித்தேன். பேர்த் பக்கத்துக்காரியாம், மகளைப் பார்க்க லண்டன் வந்தவள். கல் முதலில் இருந்த இடம் அவள் ஊருக்கு அருகில்தான். எனக்கு வாய் நிற்கவில்லை. இடக்கை வலக்கைக் கதையை அவளுக்கு விரல்களால் செய்துகாட்டினேன்.

"பள்ளியில் எங்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரவில்லை" என்றாள். "ஒருவரை ஒருவர் கொன்றார்கள் என்று மட்டும் தெரியும்."

"பெரும்பாலும் அப்படித்தான். பங்காளி சாகும்வரை காத்திருக்கப் பலருக்குப் பொறுமையில்லை."

"கொல்லாமல் விட்டவன் யாராவது உண்டா?"

உண்டு. இரண்டாம் கொன்ஸ்டன்டைன், வலக்கைக் கிளை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்டான். கிழவனான பிறகு, வளர்ந்த மகன் ஒருவன் இருக்கும்போதே, ஆட்சியை இடக்கைக் கிளையின் மால்கமிடம் கொடுத்துவிட்டுக் கடலோரத்து மடமொன்றில் துறவியாகப் போய் உட்கார்ந்தான். தானாகக் கொடுத்தானா, கொடுக்கவைத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். நான் தானாகவே என்று நம்புகிறவன்.

"அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான்?" என்று அவள் கேட்டாள்.

அது எனக்குத் தெரியாது. சில வருடம் இருந்தான், செத்தான். வேறு ஒன்றும் நான் படித்த எதிலும் இல்லை.

கறுப்பு அங்கி அணிந்த காவலர் ஒருவர் எங்களை மெல்ல நகர்த்தினார். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"மனோர் பார்க்."

"இல்லை, அதற்கு முன்?"

"ஈஸ்ட் ஹாம்."

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். வெளி வாசலில் மகள் காத்திருந்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். நான் புல்வெளியோரத்துச் சுவரில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிக் கொண்டுவந்த பாண் துண்டைத் தின்றேன். உல்லாசப் பயணிகள் குடும்பம் குடும்பமாகப் படமெடுத்தார்கள். ஒரு ஜப்பானியர் தன் கமராவை என்னிடம் தந்து தங்களை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இப்படி எத்தனை குடும்பங்களை நான் எடுத்திருக்கிறேன், நான் எந்தப் படத்திலும் இல்லை.

எம்பாங்க்மென்டில் நொதர்ன் லைன் பிடித்து, கெனிங்டனில் மாறி, டூட்டிங் பிரோட்வேயில் இறங்கி, 280 பஸ் ஏறி மிச்சம் போய்ச் சேர மூன்றரை. லண்டனின் வடகிழக்கிலிருந்து தெற்கு மூலைக்கு ஒரே சீட்டில் வந்திருக்கிறேன். வழியில் என்னோடு பேசியவர் எவருமில்லை.

மாமி, அப்பாவின் அக்கா. அவரும் மாமாவும் மூலைக்கடை ஒன்று நடத்துகிறார்கள். வீடு கடைக்கு மேலே. மாமா கல்லாவில் நின்றபடியே, "வாங்கோ, ஸ்கொட்லாந்து இளவரசர்! கல்லை எங்கே? பொக்கற்றிலையோ?" என்றார். மேலே மாமி சோற்றுத் தட்டோடு நின்றார்.

"சாப்பிடு மோனை. சேகர், ஐயரிட்ட நாள் கேட்டு வைச்சிட்டன். நீ செய்யிறாய். ரூபனுக்கு நான் போன கிழமையே சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவன்?"

"என்ன சொல்லுறது? ஓம் எண்டான். பெத்த பிள்ளை இருக்கேக்க அவன் ஏன் இழுபடவேணும்?"

நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது. மாமி எடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். அங்கே இரவு. பின்னால் யாரோ சிங்களத்தில் இரைந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணை, சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன். நீ?"

"இருக்கிறன் அண்ணை. திவசம் நீங்கள் செய்யிறியளாம். மாமி சொன்னவ."

"ஓம். உனக்கும் அலைச்சல் இல்லை."

கம்பி அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"நிக்கிறன் அண்ணை. சரி, நீங்கள்தானே மகன்." பிறகு கேட்டான்: "படையலுக்கு என்ன வைக்கப்போறியள்?"

செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். நான் யோசிக்கவே இல்லை. "கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. அப்பாவுக்கு அதில்லாமல் சோறு இறங்காது."

"அது முந்தி அண்ணை."

"என்ன முந்தி?"

"பெரியப்பாவுக்குக் கடைசியிலே பல்லொண்டும் இல்லை. கத்தரிக்காயைக் கண்டால் தள்ளி வைச்சிடுவார், வாய் அரிக்குதெண்டு. பள்ளிக்கூடத்தில இருக்கேக்க விசுக்கோத்துத்தான். மாரி விசுக்கோத்து. தேத்தண்ணியில தோச்சுக் குடுக்கவேணும். வேறை ஆர் குடுத்தாலும் தின்னமாட்டார், 'உனக்குத் தோய்க்கத் தெரியேல்லை' எண்டு ஏசுவார். என்னைத்தான் தேடுவார்." அவன் மெல்லச் சிரித்தான். "அதையும் ஒரு தட்டில வையுங்கோ அண்ணை. அவ்வளவுதான் கேக்க நினைச்சனான்."

எனக்குத் தெரிந்த அப்பாவுக்குப் பல் இருந்தது. வாசலில் நின்று, நான் புறப்பட்ட பஸ்ஸுக்குக் கைகாட்டிய அப்பா. அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் அவர் வேறொருவராகி, வேறொருவனைத் தேடுகிறவராகி, போயும் விட்டார்.

"ரூபன், உனக்குச் செய்ய விருப்பமோ?"

"நீங்கள் சொன்னால்தான் அண்ணை."

"விருப்பமோ எண்டு கேக்கிறன்."

"ஓம்." சொல்லிவிட்டு அவன் அழத் தொடங்கினான். "அண்டைக்கு மழை அண்ணை. ஒண்டும் வடிவாச் செய்ய ஏலேல்லை. ஒருக்காவெண்டாலும் ஒழுங்காச் செய்யவேணும் போலை கிடக்கு."

"நீயே செய். இனி வாற வருசமும் நீதான். நான் சொல்லுறன்."

ரிசீவரை வைத்ததும் மாமி பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே? ஐயருக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? உன்ர தேப்பன் உன்னையெல்லோ பெத்தவர்!"

"ஓம் மாமி. ஆனால் நான் அங்கை நிக்கேல்லை."

மாமி குசினிக்குள் போனார். பாத்திரங்கள் பெரிதாகச் சத்தமிட்டன. நான் புறப்படும்போது மட்டும் ஒரு பையைக் கையில் திணித்தார், முகத்தைப் பார்க்காமல். கத்தரிக்காய்க் குழம்பு, சூடாக.

திரும்பும் ரயிலில் எனக்கு ராசாக்களை எண்ணத் தோன்றவில்லை. ஆனாலும் நினைவு அங்கேதான் போனது. கடைசியில் இன்னொரு மால்கம் அந்த இடக்கை வலக்கை ஒழுங்கை உடைத்தான். போட்டிக்கு வரக்கூடிய பங்காளிகளை ஒழித்துவிட்டு மகளின் மகனுக்கு முடியை வைத்தான். அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். விட்டுக்கொடுத்துப் போன கிழவனைப் பற்றி ஒரு வரி. பேர்த்துக்காரியின் கேள்வி சரிதான். கொடுத்த அடுத்த நாள் காலை அவன் மடத்தில் எழும்பி என்ன செய்தான்?

ஈஸ்ட் ஹாமில் இறங்க இருட்டத் தொடங்கியிருந்தது. பால் வாங்கிய கடையில் மாரி விசுக்கோத்துப் பக்கற் ஒன்றும் இருந்தது. எடுத்தேன். நந்தன் வேலைக்குப் போய்விட்டான். அறை காலையில் விட்டபடியே கிடந்தது. கேத்தலை வைத்துத் தேநீர் ஊற்றி, விசுக்கோத்து ஒன்றைத் தோய்த்தேன். அரைவாசி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் விழுந்தது. எவ்வளவு நேரம் தோய்க்கவேண்டும் என்று ரூபனிடம் கேட்க மறந்துவிட்டேன்.