சால்வை வேண்டாம், நூல் போதும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் பிளெக்ஸுக்கு பிளெக்ஸ் அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கடல்கடந்த தமிழர்களின் அமைப்புக்குத் தலைவன். இங்கே தமிழ்த்தேசியம் பேசும் கட்சிக்கு அயலகப் பொறுப்பாளன். அத்தனை வெயிலிலும் அந்தப் பல்வரிசை மங்கவேயில்லை. நான் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிறவன். கவிதைப் புத்தகங்கள் போட்டிருக்கிறேன். அது எங்கள் தெருவுக்கே தெரியாது.

பெரம்பலூரில் கல்லூரி ஹாஸ்டலில் அவனுக்கும் எனக்கும் ஒரே அறை. குரல் அவனுடையது, வரி என்னுடையது. மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் எழுதுவேன், அவன் பேசிவிட்டுக் கோப்பையோடு வருவான். பிறகு கட்சிக் கூட்டம், வெளிநாட்டு வேலை, அங்கே ஒரு சங்கம், சங்கங்களுக்கெல்லாம் ஒரு சங்கம், அதன் உச்சியில் அவன். ஒவ்வொரு படியையும் செல்போனில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றுக்கும் லைக் போட்டதில்லை. ஒன்றையும் பார்க்காமல் விட்டதுமில்லை.

அவனுக்கு எடுத்த பாராட்டு விழாவின் அழைப்பிதழில் ‘சால்வை தவிர்த்து நூல் வழங்குக’ என்று அச்சடித்திருந்தார்கள். அவர்கள் கட்சியில் அது வழக்கம். எனக்கென்றே போட்டதுபோல இருந்தது. புதுத் தொகுப்பின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: ‘என் குரலாக இருந்தவனுக்கு.’ அவன் அதைப் பிரிக்க வேண்டும், படிக்க வேண்டும், ஒரு கணம் முகம் மாற வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

“எங்கள் வயலுக்கு அடியில் ஒரு கடல் தூங்குகிறது” என்று பேச்சைத் தொடங்கினான். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததை வைத்து ஹாஸ்டல் மொட்டைமாடியில் நான் எழுதிய வரி. மண்டபமே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டவில்லை என்று எரிச்சல்கூட வந்தது.

நூல் கொடுக்கும் வரிசையில் என் முறை வந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். தோளில் கை போட்டான். சட்டையில் அந்நிய வாசனை.

“டேய் மாப்ள, நீயா? இன்னும் எழுதுறியாடா?”

புத்தகம் அவன் கையில்தான் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் போட்டோ எடுத்தாயிற்று, அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று. புத்தகம் ஒரு தொண்டரின் கைக்குப் போய், மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளூர்ப் பிரமுகர்களுக்குப் பதில் மரியாதை. அதே பெட்டியிலிருந்துதான் எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். என் நீல அட்டை தூரத்திலிருந்தே தெரிந்தது. அதே சிரிப்போடு அதை எங்கள் ஆலைக்கு லாரிகள் விடும் ஒரு லாரிக்காரருக்குக் கொடுத்தான், பிரிக்காமலே.

மறுநாள் அவன் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. அவன் கேமராவைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் அந்த லாரிக்காரர் பாஸ் வாங்க என் ஜன்னலுக்கு வந்தார். அவர் வண்டிகள்தான் அந்தத் தூங்குகிற கடலைச் சுண்ணாம்புக்கல்லாக ஆலைக்குச் சுமந்து வருபவை. பாஸை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

“சார், பின்னட்டையில உங்க போட்டோவப் பாத்தேன். உங்க புஸ்தகத்த தலைவர் எனக்குக் குடுத்தாருங்க. உள்ளாற ‘என் குரலாக இருந்தவனுக்கு’ன்னு கையால எழுதியிருக்கு. நான் மேடையில பேசுனதே இல்லீங்களே. எடை மேடையில லோடு எடையக் கொறச்சி எழுதுனாங்கன்னு எல்லாருக்கும் சேத்து சத்தம் போட்டேனே, அதச் சொல்றீங்களா?”

கொடுத்துவிடுங்கள், அது வேறொருவனுக்கு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“அதத்தாங்க” என்றேன். “உங்களுக்குத்தான் எழுதுனேன்.”

ஒரு கணம் அவர் முகம் மாறியது.