ஜீப்பைக் கண்டு ஒளிந்தேன்

ஜவ்வாது மலையில் சாமை பயிரிட்டுப் பிழைக்கிறவள் நான். கணவர் இறந்த பிறகு, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் செல்வியின் படிப்பை நிறுத்தி, என்னோடு காப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போனேன். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரி, "புள்ளைய வேலைக்கு இட்டுனு போனதுக்குக் கேஸு போடுவாங்க. அவளையும் புடிச்சினு போய்டுவாங்க" என்று பயமுறுத்தினாள்.

ஒரு நாள் காலை அரசாங்க ஜீப் வந்தது. செல்வியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு ஓடிப்போய்ப் புளியமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் கூரையிலிருந்து புகை எழுந்தது. அவசரத்தில் நான் அணைக்க மறந்த அடுப்பிலிருந்து பக்கத்துச் சாக்கில் தீப் பற்றியிருக்கிறது. "எம்மா, தொற!" என்று அவள் கதறினாள். வெளியே வந்தால் மகளைக் கொண்டுபோய்விடுவார்களே என்று ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு ஓடினேன். பதற்றத்தில் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரியம்மாதான் அதை வாங்கித் திறந்து செல்வியை வெளியே இழுத்தார். ஓட்டுநர் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்.

"இன்னாத்துக்கும்மா பூட்னீங்க? அப்பா இல்லாத புள்ளைங்க படிக்க மாசாமாசம் உதவித்தொகை தர்றாங்க. அதுக்குப் பேரு எழுதத்தான் வந்தேன்" என்றார் அந்த அம்மா. செல்வியின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

செல்வி இப்போது அரசு விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். ஜீப்பைக் கண்டால் ஓடுகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதனால் அந்த அம்மா வரும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் நான் நடக்கிறேன். "நாந்தான் வர்றேன், பயப்படாதீங்க" என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுக்கிறேன்.