தீ வைத்த அண்ணன்

காலையில் எல்லை தாண்டி சிங்கப்பூர் போகும் பஸ்ஸில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அக்கா, "என்ன கதை தங்கச்சி?" என்றார்.

அப்பாவின் கடைக்குத் தீ வைத்தது யாரென்று கண்டுபிடிக்க ஒருத்தி கடந்த காலத்துக்குப் போகிறாள். பார்த்தால், வைத்தது அவள் அண்ணன்.

"அலமாக்! போலீஸ்ல சொல்லிட்டாளா?"

"இன்னும் படிக்கலக்கா."

அதற்குள் குடிநுழைவுச் சோதனைக்காக எல்லோரும் இறங்கினோம். கூட்டத்தில் அக்காவைக் காணவில்லை.

சோதனை முடிந்து அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது தேடிக்கொண்டு வந்தார்.

"கியூவுல நின்னு யோசிச்சேன் லா. அவள இன்னும் ஒரு நாள் முன்னாடி போகச் சொல்லு. அண்ணன்கிட்ட உட்காந்து பேசினா, அவன் தீயே வைக்க மாட்டான்."

பஸ் கிளம்பியதும் முன் சீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. "அண்ணே, நான்தான். போன வச்சிடாதண்ணே. சாப்பிட்டியா?"

கடைசி அத்தியாயத்தைத் திறக்கப் பயமாக இருக்கிறது. அக்காவின் முடிவைவிட மட்டமாக இருந்தால் யாரிடம் புகார் கொடுப்பது?