படத்துக்குக் கீழே ஒரு வரி

"ஏந் தம்பி, எட்டாவது படிக்கிற புள்ள போட்ட புஸ்தகம் மடிச்சா ஒழுங்கா நிக்குமா?"

உத்தமபாளையத்தில் பிரஸ் வைத்திருந்த பாய் இப்படிக் கேட்டது என் மாமாவிடம். பதிலை நான் சொன்னேன். "நிக்கும். மடிச்சுப் பாருங்க."

மாமா அம்மாவின் தம்பி. தினமும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் மலையேறுவார். அம்மாவும் அந்த ஜீப்பில்தான் வேலைக்குப் போனாள். முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டுக் கட்டுவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஏற்றத்தில் ஜீப் உறுமும்போது முதல் வரியைப் பிடித்தால், தோட்டத்தில் இறங்குவதற்குள் பாட்டை முடித்துவிடுவாள். தோட்டத்து முதலாளி செலவை ஏற்றுக்கொள்ள, அம்மாவும் ஐந்து பெண்களும் தேனியில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு பாட்டுகளைப் பாடிவிட்டு வந்தார்கள். சி.டி. பெட்டிக்குள் வைக்கப் பாட்டுப் புத்தகம் வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே அது என் வேலை.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நோட்டுத் தாளைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி, இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து எட்டுப் பக்கம் ஆக்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒன்றாம் பக்கத்தை ஒட்டி எட்டாம் பக்கம் இருந்தது. அதன் மறுபுறம் இரண்டும் ஏழும். இதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. முன்னட்டையில் தலைப்பு, உள்ளே பக்கத்துக்கு ஒரு பாட்டு. பின்னட்டையில் பெரிய எழுத்தில், பாட்டுக் கட்டியவர் என்று அம்மாவின் பெயர். அதற்கு அடியில் பொடி எழுத்தில், புத்தக அமைப்பு என்று என் பெயரும் வகுப்பும்.

பாய் மடித்து இரண்டு முறை புரட்டினார். "நிக்கிதே" என்றார் மாமாவிடம், நான் அங்கே இல்லாதது போல.

அப்போதுதான் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். "மொதலாளி அவுக படத்தக் குடுத்துவிட்டாக. முழுப் பக்கம் வேணுமாம்."

ஒரு பக்கத்தை மட்டும் கூட்ட முடியாது, கூட்டினால் நான்காகத்தான் கூட்ட வேண்டும் என்று விளக்கினேன். விளக்கத் தெரிந்ததில் சந்தோஷமாகவே இருந்தது.

"அப்ப பின்னாடி போட்ருத்தா. அக்கா பேருதான? ஊருக்கே தெரியும்ல" என்றார் மாமா.

போட்டோவை வைத்துப் பார்த்தோம். படத்துக்குக் கீழே விரல் அகலத்துக்கு இடம் மிஞ்சியது.

"ஒரு வரி நிக்கும். எதப் போடணும்?" என்று பாய் கேட்டார்.

என் பெயரைக் காட்டினேன்.

பெட்டிகள் வந்த அன்று அம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கைநாட்டுதான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"எம் பேரு எங்கனத்தா இருக்கு?"

படத்துக்குக் கீழே விரலை வைத்தேன்.

அம்மா அந்த வரியைக் கட்டைவிரலால் தடவினாள். "இம்புட்டு நீளமாவா இருக்கு எம் பேரு?"

பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டினாள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. நான்காம் நாள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் படித்தாள்.

"இது ஒங்க மக பேருல்ல சித்தி? ஒங்க பேரக் காணமே!"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, அவ பேரத்தேன் காமிச்சேன்."

தப்பித்தேன் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்றும் முடிவு செய்துகொண்டேன். அதன்பின் அவள் அந்தப் புத்தகத்தை யாரிடமும் நீட்டவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

இந்த வருட முளைப்பாரிக்கு அதே பாட்டுகள் மறுபடி சி.டி.யாக வருகின்றன. கல்லூரி விடுமுறையில் புத்தகத்தைப் புதிதாக அமைத்தேன். நான்கு பக்கம் கூட்டியிருக்கிறேன். முதலாளிக்கு உள்ளே ஒரு பக்கம் உண்டு. அம்மாவின் பெயர் முன்னட்டையில், தலைப்புக்கு மேலே. "ஒம் பேரு எங்கனம்மா?" என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் அச்சாகி வரவில்லை.

ஆனால் போன மாதமே கம்பத்தில் ஒரு பாத்திரக் கடையில் கொடுத்து, அம்மாவின் தூக்குவாளி மூடியில் அவள் பெயரை வெட்டி வாங்கி வந்துவிட்டேன். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் தினமும் ஜீப்பில் போகிறாள்.